எழுத்துகள் இறங்கிப்போன ஊர்

கீழமணல்துறையில் எழுத்துகள் இறங்கிப்போனது அக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்தரை மணிக்கு, மீன் ஏலம் முடிந்து பெண்கள் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த நேரத்தில். டீக்கடை விலைப்பலகையிலிருந்தும், மருந்துக்கடை இழுப்பறைகளிலிருந்தும், மாதா கோயில் பாட்டுப் புத்தகத்திலிருந்தும், பன்னிரண்டு வருஷமாகப் பெட்டிகளின் அடியில் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளிலிருந்தும் அவை ஒவ்வொன்றாக இறங்கின. இறங்கியவை தெருவின் நிழல் பக்கமாகவே ஒதுங்கி நடந்து, ஜெபக்கனியின் எபினேசர் அச்சக முற்றத்தில் வந்து கூடி, துணி காயும் கொடியிலும் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பிலும் முருங்கை மரத்திலும் வரிசை வரிசையாக உட்கார்ந்துகொண்டன. புள்ளிகள் மட்டும் வரவில்லை. மெய்யெழுத்துகளின் தலையில் இருக்கும் புள்ளிகள் காகிதத்திலேயே இருந்த இடத்தில் இருந்தன. எழுத்துருவை விற்ற நிறுவனம் தனக்குச் சொந்தமானவற்றின் பட்டியலைத் தயாரித்தபோது புள்ளியைச் சேர்க்க மறந்துவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது.

ஜெபக்கனிக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளாமல் அப்பா விட்டுப்போன அச்சகத்தை ஒற்றை ஆளாக நடத்திவந்தவள். பேருந்தில் நடத்துநர் டிக்கெட் கொடுக்க மறந்தால் இறங்கும் முன் கூப்பிட்டுக் கேட்டு வாங்குகிறவள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், லிபிக்கோட்டை என்ற நிறுவனம் ‘நாரை’ என்று ஓர் எழுத்துருவை வெளியிட்டு, எழுத்தைத் திருடுகிறவன் அதை வரைந்த கலைஞனின் தட்டிலிருந்து சோற்றைத் திருடுகிறான் என்று விளம்பரம் செய்தது. அந்த வாசகத்தைப் படித்துவிட்டு ஜெபக்கனி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் முழு விலையையும் அனுப்பி நாரையை வாங்கினாள். அந்த வட்டாரத்தில் அப்படி வாங்கியது அவள் ஒருத்திதான்.

செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு குறுந்தட்டும், கட்டைவிரல் பருமனில் ஒரு பூட்டும், அவள் என்னென்ன செய்யக்கூடாது என்று நாற்பத்தொரு பக்கத்துக்குச் சொல்லும் ஒரு புத்தகமும் இருந்தன. பூட்டைக் கணினியின் முதுகில் செருகினால்தான் நாரை கண்ணைத் திறக்கும். உருவினால் மூடிக்கொள்ளும். வருஷம் பிறந்ததும் சென்னைக்குப் போன் போட்டு, தான் இன்னும் நல்லவள்தான் என்று சொல்லி, இருபத்தைந்து எண்களை எழுதி வாங்கித் தட்ட வேண்டும். இன்னொரு கணினியில் போடக்கூடாது. வேறு அச்சகத்துக்கு அனுப்பினால் அங்கே திறக்காது. அதனால் சிவகாசியில் பெரிய வேலை ஏதாவது அச்சடிக்க வேண்டியிருந்தால், பூட்டைக் கைக்குட்டையில் முடிந்து, இடுப்பில் செருகி, மூன்று பேருந்து மாறிப் போய், அங்கே இருக்கிறவர்கள் சிரிக்கச் சிரிக்க, அந்த ஒரு வேலைக்கு மட்டும் சென்னையில் அனுமதி கேட்டு அவர்கள் கணினியில் செருகிவிட்டு, வேலை முடியும்வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். கடல் காற்றில் பூட்டு துருவேறும். ஞாயிறுதோறும் பூசைக்குப் போகும் முன்பு அதை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைப்பாள். இவ்வளவையும் அவள் அலுக்காமல் செய்தாள். எங்கேயோ ஒரு கலைஞன் இதனால் சாப்பிடுகிறான் என்று நம்பினாள்.

எதிர்ச்சாரியில் தஸ்நேவிஸின் டிடிபி கடை. நாரை சந்தைக்கு வந்த மூன்றாம் நாளே பூட்டில்லாத நாரை தஸ்நேவிஸிடம் வந்துவிட்டது. யார் உடைத்தார்கள், எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்கவும் இல்லை. நான்கு கணினிகளில் போட்டான், கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தான், சிவகாசிக்கு வீட்டிலிருந்தபடியே அனுப்பினான். அவனுடைய நாரை ஒரு நாளும் கண்ணை மூடியதில்லை.

லிபிக்கோட்டை நேர்மையான வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, திருடர்களைக் காட்டிக்கொடுக்கச் சொல்லிக் கேட்டபோது ஜெபக்கனி எழுதிக்கொடுத்தாள். தஸ்நேவிஸை இரண்டு நாள் காவல் நிலையத்தில் உட்கார வைத்திருந்தார்கள். லிபிக்கோட்டை அவளுக்கு ஒரு சுவர்க் கடிகாரமும், ‘நேர்மைச் செல்வர்’ என்று ஒரு சான்றிதழும் அனுப்பியது. தஸ்நேவிஸ் திரும்பி வந்தான், கடையைத் திறந்தான், கணினியைப் போட்டான், நாரை திறந்தது. அன்றோடு எதிரெதிர் கடைக்காரர்கள் இருவரும் பேச்சை விட்டார்கள்; இப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

அந்த அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் இடி விழுந்து ஜெபக்கனியின் கணினியில் மதர்போர்டு கருகிப்போயிற்று. மறுநாள் காலையில் மெக்கானிக் வந்து வேறு போர்டு போட்டான். ஜெபக்கனி பூட்டைத் துடைத்துச் செருகினாள். திரையில் ஒரு கட்டம் வந்து, இது வேறு கணினி, உங்களுக்கு உரிமை இல்லை என்றது. அப்போது மணி பத்தரை. அவள் அந்த வரியை இரண்டாம் தரம் படித்துக்கொண்டிருந்தபோதே அலமாரிக் காகிதங்களிலிருந்து எழுத்துகள் இறங்கி, அவள் காலைத் தாண்டி, வாசலை நோக்கி நடந்தன.

அவள் சென்னைக்குப் போன் போட்டாள். மரியாதையான ஒரு பெண்குரல் எடுத்தது.

“மேடம், உங்க உரிமம் பழைய கணினிக்குக் கொடுத்தது. இது புதுக் கணினி.”

“புதுசு இல்லம்மா. அதே பெட்டி, அதே மேசை. இடியில உள்ள போர்டு போயிட்டு. அதை மட்டும் மாத்திருக்கு.”

“போர்டு மாறினா கணினி மாறின மாதிரிதான் மேடம்.”

“சரி, நான் அச்சடிச்ச எழுத்தெல்லாம் ஊர் பூரா இருந்து இறங்கி வந்து என் முத்தத்துல உக்காந்திருக்கே, அது என்ன கணக்கு?”

“அது எங்க பாதுகாப்பு வசதி மேடம். நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

ஜெபக்கனி, திறந்துவிட என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். வாங்கிய ரசீதை அனுப்பச் சொன்னார்கள். பன்னிரண்டு வருஷ ரசீதை அவள் ஞானஸ்நானச் சான்றிதழோடு பத்திரமாக வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தால் அதில் பதினொரு புள்ளிகள் மட்டும் இருந்தன. லிபிக்கோட்டை தன் ரசீதையும் நாரையில்தான் அச்சடித்திருந்தது.

“எழுத்து இல்லாத ரசீதை நாங்க ஏத்துக்க முடியாது மேடம்.”

“அது உங்க எழுத்தும்மா. உங்க எழுத்துதான் எறங்கிப் போயிருக்கு.”

“புரியுது மேடம். எழுத்து உள்ள ரசீது கிடைச்சதும் கூப்பிடுங்க.”

ஊர் இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. கடல் உள்வாங்கிய வருஷத்தையும், மீன் ஒதுங்கி மலைபோலக் குவிந்த வருஷத்தையும் பார்த்த ஊர் அது. எழுத்து இறங்குவது ஒரு தொல்லை, அவ்வளவுதான். முதல் இரண்டு நாள் ஜெபக்கனியைத் திட்டினார்கள். மூன்றாம் நாள் புள்ளிகளை வைத்துப் படிக்கப் பழகிக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரர் இரண்டு புள்ளி இழுப்பறை காய்ச்சலுக்கு, ஐந்து புள்ளி இழுப்பறை வயிற்றுக்கு என்று கொடுத்தார், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பங்குச் சாமியார் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து புள்ளிகளைப் பார்த்தபடியே பாட்டைத் தொடங்கினார், எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் ஒருவரும் புத்தகத்தைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் வெளியில் வந்தது. பெயரில் புள்ளி அதிகம் உள்ளவர்கள் நிமிர்ந்து நடந்தார்கள். கூட்டுறவுச் சங்கத் தலைவர் சவேரியார் பிச்சை தன் பெயரில் இரண்டு புள்ளிதான் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு, சேவியர் பிச்சுமுத்து என்று மாற்றிக்கொண்டால் இன்னொன்று கிடைக்கும் என்று ஆள் விட்டு விசாரித்தார். அந்த மாதம் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் கிறிஸ்டின், ஜஸ்டின் என்று புள்ளி வைத்த பெயர்களாகவே பார்த்து வைத்தார்கள்.

எழுத்து போன இடத்தில் வேறு எழுத்து ஒட்டவில்லை என்பதுதான் சங்கடம். பேனாவால் எழுதினால் மை உருண்டு கீழே சொட்டியது. பெயின்ட்டால் எழுதினால் காய்வதற்குள் வழிந்து போயிற்று. அந்த இடம் நாரைக்கு உரியது என்று பூட்டு சொல்லி வைத்திருந்தது. பணம் கொடுத்து வாங்கிய காகிதத்தில், பணம் கொடுத்து வாங்கிய மையில், தன் பெயரைத் தானே எழுத ஒருவருக்கும் வழியில்லை.

அதைவிட ஜெபக்கனியை அறுத்தது வேறொன்று. தஸ்நேவிஸ் அச்சடித்த நாரை ஒன்றுகூட இறங்கவில்லை. அவன் அடித்த அரசியல் சுவரொட்டிகளில் வணக்கத்துக்குரியவர்கள் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு பெயரோடு நின்றார்கள். அவன் அடித்த கருவாட்டுக் கடை பிளெக்ஸில் ஒரு கால்கூட உதிரவில்லை. விலை கொடுத்த எழுத்து முருங்கை மரத்தில் குந்தியிருந்தது. திருடிய எழுத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜெபக்கனி காலையில் முற்றம் பெருக்கும்போது எழுத்துகள் விளக்குமாற்றுக்கு ஒதுங்கி வழிவிட்டன. அவற்றின் அந்த அடக்கமான குணமே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

பதினைந்து நாள் கழித்து பிரகாசி வந்தாள். பிரகாசி கடற்கரையில் மீன் உலர்த்துகிறவள், ஜெபக்கனியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் இருந்தவள். வாசலில் நின்றாளே தவிர உள்ளே வரவில்லை.

“கல்லுல பேரு இல்ல, ஜெபக்கனி.”

“எந்தக் கல்லுல?”

“எந்தக் கல்லா? நம்ம கல்லுலதான்.”

பதினாறு வருஷத்துக்கு முந்தைய புயலில் கீழமணல்துறைக்காரர்கள் இருபத்திரண்டு பேர் கடலோடு போனார்கள். ஓர் உடல்கூடக் கரைக்கு வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்குக் குழி இல்லாததால், கோயில் வாசலில் ஒரு கருங்கல் நட்டு இருபத்திரண்டு பெயரையும் வெட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பெயர்களை நாரையில் அடித்து, கல்வெட்டுக்காரர் கல்லில் ஒட்டி மணல் பாய்ச்சிக் குடைவதற்கு ஸ்டிக்கர் வெட்டிக் கொடுத்தவள் ஜெபக்கனி. வருஷாவருஷம் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள் அன்று, அந்த வீட்டுப் பெண்கள் கல்லுக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, தங்கள் வீட்டு ஆளின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஜெபக்கனி செருப்பைக்கூட மாட்டாமல் போய்ப் பார்த்தாள். காகிதத்திலிருந்து இறங்கிய வேகத்தில் கல்லிலிருந்து இறங்க முடியாமல், அன்றுதான் கடைசி எழுத்தும் போய், கல் தூர்ந்து வழவழவென்று இருந்தது. அருளப்பனுக்கு இரண்டு குழி, வின்சென்டுக்கு மூன்று குழி என்று புள்ளிகள் மட்டும் கல்லில் கிடந்தன. பிரகாசியின் புருஷன் பெயர் சூசை. சூசையில் புள்ளி கிடையாது. ஒன்பதாவது வரி இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

“மத்தவளுகளுக்குத் தொடுததுக்குக் குழியாவது இருக்கு,” என்றாள் பிரகாசி. அழவில்லை. “நான் எதைத் தொட?”

ஜெபக்கனி அன்றைக்கு மட்டும் சென்னைக்குப் பதினேழு தடவை போன் போட்டாள். மரியாதையான பெண்ணுக்குப் பதிலாக, உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு பதிவுக் குரல் சொல்லிவிட்டு நாதஸ்வரம் வாசித்தது. மறுநாள் நாதஸ்வரமும் நின்று, இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. கல்வெட்டுக்காரரைக் கூட்டி வந்து உளியாலேயே வெட்டச் சொன்னாள். அவர் வெட்டிய சூ, அவர் உளியை எடுத்ததும் மூடிக்கொண்டது.

“கல்லு ஒத்துக்கிட மாட்டேங்குதும்மா,” என்று அவர் உளியைச் சாக்கில் சுற்றிக்கொண்டார்.

அந்த வாரம் யாரோ முருங்கை மரத்தை எழுத்துகளோடு படம் பிடித்துப் போட, அது பலரது போன்களுக்கும் போயிற்று. அதைப் பார்த்துவிட்டு, கல்லறைத் திருநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒருவர் பேருந்தில் வந்து இறங்கினார். ஐம்பது வயதைத் தாண்டியவர், மெலிந்தவர், பெயர் உமாபதி, காரைக்குடியில் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் ஸ்டிக்கர் வெட்டுவது தொழில். முற்றத்துக்குள் வந்தவர் ஜெபக்கனியிடம் ஒன்றும் கேட்காமல் மரத்தடிக்குப் போய், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு ழவை வெகுநேரம் பார்த்தார்.

“இந்த ழவோட காலை இன்னும் கொஞ்சம் இறக்கியிருக்கணும்,” என்றார். “அப்பவே தோணுச்சு. திருத்த விடலை.”

“நீங்க யாரு?”

“நாரையை வரைஞ்சவன்ங்க.”

ஜெபக்கனி உள்ளே போய் நாற்காலி எடுத்து வந்து போட்டாள். பன்னிரண்டு வருஷமாக மனசுக்குள் இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்த ஆள் அவர். டீக்கடையிலிருந்து டீ வாங்கி வந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“நான் திருடலைங்க,” என்றாள். “முழு விலை குடுத்து வாங்கினேன். உங்களுக்கு வந்து சேர்ந்துதா?”

உமாபதி டம்ளரைக் கீழே வைத்தார்.

“எனக்கு மாசச் சம்பளம்ங்க. மூணு வருஷம் வரைஞ்சேன். நாரை வெளிவந்த நாலாவது மாசம், வரையுற வேலை முடிஞ்சுடுச்சு, இனி பூட்டுற வேலைதான்னு சொல்லி என்னை நிறுத்திட்டாங்க. வரையுறதுக்கு நான் ஒருத்தன் இருந்தேன். பூட்டுறதுக்குப் பதினாலு பேரு இருந்தாங்க.”

“உங்ககிட்ட நாரை இருக்கா?”

“எனக்கு ஏதுங்க பூட்டு? என் மக கல்யாணப் பத்திரிகையைக்கூட வேற எழுத்துலதான் அடிச்சேன்.”

லிபிக்கோட்டையை ஒரு வெளிநாட்டு நிறுவனம் வாங்கிவிட்டது என்றும் அவரே சொன்னார். வாங்கியவர்களுக்குத் தேவைப்பட்டது சென்னையில் இருந்த அந்தக் கட்டிடம் மட்டுமே. பூட்டுகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த இயந்திரத்தை மின்சாரத்திலிருந்து உருவி, பழைய சாமான்களோடு எடைக்குப் போட்டுவிட்டார்கள். இனி உலகத்தில் ஒருவராலும் நாரையைத் திறக்க முடியாது. பூட்டியவர்கள் நினைத்தாலும் முடியாது.

ஜெபக்கனி மரத்தைப் பார்த்தாள். தன்னை வரைந்தவர் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று ஓர் எழுத்துகூட அசையவில்லை. வரைந்தவரைப் பற்றிப் பூட்டுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அவருடைய சோற்றைக் காப்பதற்கென்று, இடுப்பில் முடிந்துகொண்டு மூன்று பேருந்து மாறிப் போன நாட்களை அவள் நினைத்தாள். ஞாயிறுதோறும் துடைத்ததை நினைத்தாள்.

“இந்த ஊர்ல வேற யாருகிட்டயாவது இருக்கா?” என்று கல்லைப் பற்றித் தெரிந்துகொண்ட உமாபதி கேட்டார். “பூட்டு இல்லாதது?”

ஜெபக்கனி எதிர்ச்சாரியைப் பார்த்தாள்.

தெருவின் அகலம் இருபது அடி இருக்கும். அதைக் கடக்க அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. முதல் நாள், காட்டிக்கொடுத்து எழுதிய கையோடு எப்படிப் போய் நிற்பது என்று இருந்தது. மறுநாள் காலையில் மெழுகுவர்த்தி வாங்கக் கடைக்குப் போகிறவர்களைப் பார்த்தாள். பிரகாசி வாங்கவில்லை. கையை வீசிக்கொண்டு கடையைத் தாண்டிப் போனாள். ஜெபக்கனி எழுந்து தெருவைக் கடந்தாள்.

தஸ்நேவிஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் திரையைப் பார்த்தான்.

“என்ன வேணும்?”

“நாரை வேணும், நேவிஸ். கல்லுக்கு.”

“உங்ககிட்டத்தான் ஒரிஜினல் இருக்கே.”

“ஒரிஜினல் மரத்துல உக்காந்திருக்கு.”

அவன் சிரிக்கவில்லை. கணினியைப் பார்த்தபடியே பேசினான்.

“அக்கா, நீங்க எழுதிக் குடுத்து என்னைக் கூட்டிட்டுப் போன மறுநாளு என் மூத்தவளுக்குப் புதுநன்மை. பிள்ளை முதல் தடவையா நற்கருணை வாங்க வெள்ளை கவுன் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிது. நான் ஸ்டேஷன்ல பெஞ்சுல உக்காந்திருக்கேன். எதுக்குன்னு கேட்டா எழுத்தைத் திருடிட்டானாம். அந்த ஏட்டையா எங்கிட்ட ஒரு வெள்ளைத்தாளைக் குடுத்து, எழுத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன்னு எழுதி வாங்கினாரு. நான் எதை வச்சு எழுத?”

“தப்புதான்,” என்றாள் ஜெபக்கனி. “ஒரு கலைஞனுக்குச் சோறுன்னு நெனச்சேன். அவரே வந்து என் கடையில உக்காந்திருக்காரு. அவருக்கும் ஒண்ணும் போகலையாம்.”

“அப்ப யாருக்குத்தான் போச்சு?”

“பூட்டுக்கு.”

தஸ்நேவிஸ் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பென் டிரைவை எடுத்து, கணினியில் செருகி, இரண்டு தட்டுத் தட்டி உருவி, அவள் பக்கம் தள்ளினான்.

“இருபத்திரண்டு பேருல எங்க மாமாவும் ஒருத்தரு,” என்றான். “உங்களுக்காகன்னு நெனச்சுக்கிடாதீய.”

ஜெபக்கனியின் கணினியில் தஸ்நேவிஸின் நாரை, யார் என்ன என்று கேட்காமல் திறந்தது. புதுக் கணினியா, பழைய கணினியா, ரசீது உண்டா என்று ஒரு கேள்வி இல்லை. உமாபதி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அவர் விரலால் காட்டினார். திருநாளுக்கு முதல் நாள் கல்வெட்டுக்காரர் ஸ்டிக்கரை ஒட்டி, மணலைப் பாய்ச்சி, ஒட்டியதை உரித்தார். உரித்ததும் எல்லாரும் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கல் மூடிக்கொள்ளவில்லை. பங்குச் சாமியார், திருடிய எழுத்தைக் கோயில் வாசலில் வைக்கலாமா என்று எவரும் கேட்பதற்கு முன்பே தீர்த்தம் தெளித்துவிட்டார்.

அன்று இரவெல்லாம் மழை கொட்டியது. காலையில் பார்த்தால் முருங்கை மரத்தடியில் கருப்பாகத் தண்ணீர் தேங்கி நின்றது. பன்னிரண்டு வருஷமாக ஜெபக்கனி அச்சடித்த அத்தனை எழுத்தும், விலை கொடுத்து, வருஷா வருஷம் அனுமதி கேட்டு அச்சடித்த அத்தனையும், கலங்கிச் சாக்கடை வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவள் விளக்குமாற்றை எடுத்து, தேங்கியதையும் தள்ளிவிட்டாள். பிறகு குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள்.

பெண்கள் வரிசையாக வந்து மெழுகுவர்த்தி ஏற்றிப் பெயரைத் தொட்டார்கள். பிரகாசி கடைசியில் வந்தாள். ஒன்பதாவது வரியில் விரலை வைத்து, சூவின் வளைவு போகிற போக்கிலேயே மெதுவாக விரலைக் கொண்டுபோனாள். இரண்டாம் முறையும் அதே போலச் செய்தாள். பிறகு திரும்பி, கூட்டத்தின் ஓரத்தில் நின்ற உமாபதியைக் கேட்டாள்.

“இதை வரைஞ்சது நீங்கதானாமே?”

“ஆமாங்க.”

“இந்த சூ, வலை வீசின பொறவு கை நிக்கிமே, அது மாதிரி இருக்கு. அவரு அப்படித்தான் வீசுவாரு. நீங்க பாத்திருக்கியளா?”

உமாபதி இல்லை என்று தலையசைத்தார். அந்த எழுத்துருவை வரைந்து முடித்த பிறகு அதில் ஓர் எழுத்தைப் பற்றி ஒருவர் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

பூசை முடிந்து மதியப் பேருந்துக்கு அரைமணி நேரம் இருந்தது. உமாபதி அச்சகத்துக்கு வந்து பையை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, மேசைக்கு முன்னால் தயங்கி நின்றார்.

“ஒண்ணு கேட்கலாமாங்க?”

“கேளுங்க.”

“எனக்கும் நாரையில ஒரு காப்பி போட்டுத் தர முடியுமா? அந்த ழவைத் திருத்தணும்.”

ஜெபக்கனி தன் வாழ்நாளில் ஒருவருக்கும் எதையும் காப்பி போட்டுக் கொடுத்ததில்லை. அது கை கூசுகிற காரியமாக இருக்கும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். இழுப்பறையிலிருந்து புதுப் பென் டிரைவ் ஒன்றை எடுத்து உறையைப் பிரித்துச் செருகினாள். திரையில் ஒரு பச்சைக் கோடு தோன்றி, அவள் கண் இமைப்பதற்குள் முடிந்துபோயிற்று. உருவி அவர் கையில் வைத்தாள்.

உமாபதி அதைச் சட்டைப் பையில் போட்டார். உடனே வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“இவ்வளவுதானா?” என்று கேட்டார்.

“இவ்வளவுதான்,” என்றாள் ஜெபக்கனி.